மொழி வகுப்பில் எது முன்னே, எது பின்னே

ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்களில் அடிக்கடி கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: ஒரே முறையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், எல்லா முறைகளிலும் உள்ள நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது நல்லது, எந்தக் கட்டத்தில் நல்லது என்ற கேள்வி அப்படியே ஆசிரியர் தலையில் விழுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த முறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை, பிழையை உடனே திருத்தாவிட்டால் அதுவே பழக்கமாகிவிடும் என்கிறது. ஒரு சிக்கலைத் தீர்க்கும் பணியைக் கொடுத்து அதன் வழியே மொழியைப் பழக்கும் பணிவழிக் கற்பித்தலோ, பொருள் விளங்கும் வரை பிழையைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறது. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை மற்றொன்று என்று நடத்தினால், வாயைத் திறக்கலாமா கூடாதா என்பதே பிள்ளைக்குப் புரியாமல் போகும்.

எது சிறந்தது என்று முறைகளை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தும் தெளிவு கிடைக்கவில்லை. 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன் வகுப்புகளைக் கொண்டு பெரிய ஒப்பீடு ஒன்று நடந்தது. ஒலிநாடாவும் மொழி ஆய்வுக்கூடமும் கொண்ட புதிய முறை எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. பழைய இலக்கண வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவும் இல்லை. முறையின் பெயர் ஒன்றாக இருக்க, கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு, வகுப்பில் எது எதற்குப் பயன்படுகிறது என்று பார்ப்பதே உருப்படியான வழி.

அதற்கு நம் அருகிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூரையும் சென்னையையும் சேர்ந்த சில பள்ளி வகுப்புகளில் மொழிக் கல்வியாளர் என். எஸ். பிரபு நடத்திய திட்டம் அது. அன்று இங்கே வேரூன்றியிருந்தது அமைப்பு முறை: ஒரு பாடத்துக்கு ஒரு வாக்கிய அமைப்பு, அதை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திய பாடத்திட்டம். பிரபு அந்த வரிசையையே கைவிட்டார். பிள்ளையின் கவனம் பொருளில் ஊன்றியிருந்தால் இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் கருத்து. வகுப்பில் இலக்கணப் பாடம் கிடையாது. தீர்க்க வேண்டிய சிக்கல்கள் மட்டுமே உண்டு.

அப்படியொரு பாடத்தைக் கற்பனை செய்துபார்க்கலாம். கரும்பலகையில் ஒரு ரயில் கால அட்டவணை. பிற்பகல் மூன்று மணிக்குப் பெங்களூரில் வேலையுள்ள ஒருவர் சென்னையிலிருந்து எந்த ரயிலில் கிளம்ப வேண்டும்? ஆசிரியர் முதலில் இதுபோன்ற வேறொரு கேள்வியை வகுப்போடு சேர்ந்து தீர்க்கிறார். பிறகு பிள்ளைகள் தனித்தனியே தீர்க்கிறார்கள். ஒரு சிறுமி எழுந்து “ஹி கோ மார்னிங் டிரெயின்” என்கிறாள். “ஆமாம், ஹி கோஸ் பை தி மார்னிங் டிரெயின்” என்று சொல்லி ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போகிறார். விடை சரி, ரயிலும் சரி. சிறுமிக்குத் தான் சரியாகச் சொன்ன மகிழ்ச்சி. ‘கோஸ்’ அவள் காதில் விழுந்ததா? இந்தத் திட்டத்தின் பலமும் பலவீனமும் அந்த ஒரு கணத்தில் இருக்கின்றன.

திட்டத்தை அலன் பெரெட்டாவும் அலன் டேவிஸும் மதிப்பிட்டு 1985-ல் வெளியிட்டார்கள். பிரபுவின் வகுப்புகளையும் அமைப்பு முறை வகுப்புகளையும் ஒப்பிட்டபோது, ஒவ்வொரு தரப்பும் தன் முறைக்கேற்ற தேர்வில் நன்றாகச் செய்தது. இரு தரப்புக்கும் பொதுவான தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். இது பெரிய செய்தி: இலக்கணத்தை வரிசையாக ஊட்டாவிட்டால் மொழி வராது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆனால் இதை முழு வெற்றியாகக் கொள்ள முடியாது. ஒப்பிட்ட வகுப்புகள் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல, ஏற்கெனவே இருந்த வகுப்புகள். ஆசிரியர்களும் ஒரே தரத்தவர் அல்லர். அந்தப் பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுக்கு இம்முறையை நடத்துவது கடினமாக இருந்தது என்று பெரெட்டாவே பின்னர் எழுதினார். தன் ஆங்கிலத்தில் உறுதியில்லாத ஆசிரியரால் பிள்ளை எதிர்பாராமல் சொல்வதை அந்தக் கணமே திருத்தி மீட்டுச் சொல்ல முடியாது.

பொருள் மட்டும் போதாது என்பதற்குக் கனடா சான்று தருகிறது. 1965-ல் மான்ட்ரியாலுக்கு அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். இவ்வகை வகுப்புகளில் படித்தவர்களுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் அருமையாக வந்தது. பல ஆண்டுகள் கழிந்தும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் போகவில்லை என்று மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் காட்டினார். 2000-ல் நாரிஸ், ஒர்டேகா என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விதியை வெளிப்படையாகச் சுட்டிக் கற்பிப்பது கூடுதல் பலன் தருவதாகக் கண்டார்கள். அந்த ஆய்வுகளின் தேர்வுகள் பெரும்பாலும் விதி தெரிந்தவருக்குச் சாதகமானவை என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். அதைக் கழித்துப் பார்த்த பிறகும் கனடாவின் சான்று நிற்கிறது.

விளக்கம் எந்த மொழியில் என்ற கேள்வியும் உண்டு. தாய்மொழியை வகுப்பிலிருந்து விரட்டுவது தேவையற்ற பிடிவாதம். ‘ஆல்தோ’ என்ற சொல்லை ‘இருந்தாலும்’ என்று ஒரு நொடியில் விளக்கிவிடலாம். அதற்குப் பத்து நிமிட நடிப்பு எதற்கு? பாடம் முழுவதையும் தமிழில் சொல்லிவிட்டு, நோட்ஸில் உள்ள விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதே கெடுதல். அங்கே பிள்ளை ஆங்கிலத்தைத் தொடுவதே இல்லை.

என் முடிவு இது. பாட வேளையின் பெரும்பகுதி பொருளுள்ள பணிக்கு. அது முதலில் வர வேண்டும். அந்தப் பணியில் பிள்ளைகள் தடுக்கிய ஓரிரு இடங்களை மட்டும் எடுத்து, இறுதியில் வெளிப்படையாக, வேண்டுமானால் தமிழிலேயே, விளக்க வேண்டும். திரும்பச் சொல்லும் பயிற்சியை உச்சரிப்புக்கும் சில உறைந்த தொடர்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். வரிசையைத் திருப்பி இலக்கணத்தை முதலில் வைத்தால், பணி அந்த விதியை ஒப்பிக்கும் சாக்காகிவிடும். நம் வகுப்புகளில் நடக்கும் ‘கலவை’ பெரும்பாலும் அப்படித்தான் கெடுகிறது.

பிரபு 1990-ல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று எதுவும் இல்லை, தான் செய்வது பலிக்கும் என்று ஆசிரியருக்கு உண்டாகும் உயிருள்ள நம்பிக்கைதான் முக்கியம் என்று வாதிட்டார். அதை ஏற்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கை, பயிற்சி முகாமில் கொடுக்கும் கையேட்டால் வராது. ஆசிரியருக்கு முதலில் தேவை அவருடைய ஆங்கிலத்தையே உறுதியாக்கும் பயிற்சி. அடுத்து, மனப்பாட விடையைக் கேட்காத வினாத்தாள். இவை இரண்டும் இல்லாமல் பணிவழிப் பாடநூலை மட்டும் பள்ளிகளுக்கு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.