இணையத்தின் எண்ணும் தோட்டத்துக் கணக்கும்

2005 ஆகஸ்ட் 11ஆம் நாள் கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டம் காரணமாக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அப்போது 500ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளாக அந்தக் குறியீட்டை அரசு வெளியிடவில்லை. சுற்றுலாப் பயணிகள் மிரண்டு போவார்கள் என்ற கவலை. அந்த ஆகஸ்டில்தான் எண்கள் மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தன. இன்று ஜெராமிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ இருக்கும் மாணவர் கைப்பேசியைத் தட்டினால் குறியீடு தெரிகிறது. ஆற்று நீர்மட்டமும் செம்பனை விலையும் குடும்ப வருமானப் புள்ளிவிவரமும் அப்படியே. எண்ணுக்குப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. அதை வைத்து யோசிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோமா?

இணையத் தரவையும் கருவிகளையும் கொண்டு, கணிதத்தில் மட்டுமின்றி அறிவியல், வரலாறு, நன்னெறி எனப் பல பாடங்களிலும் எண்வழிச் சிந்தனையை வளர்க்கும் முறை உலகெங்கும் பேசப்படுகிறது. ஹான்ஸ் ரோஸ்லிங்கின் காப்மைண்டர் தளம் நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் நகரும் குமிழ்களாகக் காட்டியது. ஜியோஜிப்ரா மென்பொருள் வடிவியலைத் திரைக்குக் கொண்டுவந்தது. மலேசியாவில் அரசின் திறந்த தரவுத் தளங்கள் இருக்கின்றன. தேவையும் இருக்கிறது. பீசா அனைத்துலகத் தேர்வின் கணிதப் பகுதியில் 2018இல் 440 புள்ளி பெற்ற மலேசியா, 2022இல் 409க்கு இறங்கியது. அடிப்படை எனக் கொள்ளப்படும் இரண்டாம் நிலையை எட்டிய மாணவர்கள் 41 விழுக்காட்டினர் மட்டுமே. இரு வழிகளின் தூரத்தை ஒப்பிடுவது, ஒரு விலையை வேறு நாணயத்துக்கு மாற்றுவது போன்றவைதான் அந்த நிலை எதிர்பார்க்கும் திறன்கள்.

இந்த முறையின் பெரிய பலம், பாடநூலின் கற்பனைக் கணக்குகளை விட்டு ஊரின் கணக்குக்குள் நுழைய முடிவது. வட சிலாங்கூர் தோட்டப்புறத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமாரம் தோட்டத்தில் உருவானது. இன்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் குலையின் மேற்கோள் விலையை, பிழிந்தெடுக்கப்படும் எண்ணெயின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இவ்வளவு என்று இணையத்தில் வெளியிடுகிறது. ஒரு விழுக்காட்டுக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு எண்ணெய் தரும் ஒரு டன் குலைக்கு 800 ரிங்கிட். 18 விழுக்காடு தந்தால் 720. காய்க்குலையை வெட்டினால் ஏன் நட்டம் என்பதை அறிவியலும் கணிதமும் சேர்ந்து சொல்கின்றன. விகிதம் என்ற பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை எந்தப் பயிற்சி நூலிலும் தேட வேண்டியதில்லை.

வரலாறும் நன்னெறியும் கூட இதனால் ஆழம் பெறும். 2016இல் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. 2020 ஜூலையில் வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தப்பட்டது. புதிய முறையில் அளந்தபோது அதே 2016ஆம் ஆண்டின் விகிதம் 7.6 விழுக்காடாயிற்று. எந்தக் குடும்பமும் ஒரே இரவில் ஏழையாகிவிடவில்லை, அளவுகோல் மாறியது. கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு என்று ஒரு மாணவர் இங்கே உணர்ந்துகொண்டால், பிறகு எந்தப் புள்ளிவிவரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமாட்டார்.

வெள்ளமும் இப்படித்தான். 2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த மழையை, நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்றார்கள். இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று அதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அதன் உண்மைப் பொருள், எந்த ஆண்டிலும் அத்தகைய மழைக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே. 0.99ஐ முப்பது முறை பெருக்கிப் பார்க்கட்டும், சுமார் 0.74 வரும். ஆகவே ஒரு வீட்டுக்கடன் அடைபடும் முப்பது ஆண்டுகளில் அப்படி ஒரு மழை குறைந்தது ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு. இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் விரிதாளில் இதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். புவியியல் ஆசிரியர் சொல்லி விளங்காதது, கணக்குப் போட்டதும் விளங்கிவிடும்.

இவ்வளவு பலம் இருந்தும் இந்த முறையைக் குறை சொல்ல இடமிருக்கிறது.

முதல் குறை, தரவுக்குள் தோட்டம் இல்லாதது. புள்ளியியல் துறையின் 'காவாசான்கு' தளம் மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்று விவரங்களைப் பிரித்துத் தருகிறது. பயனுள்ள தளம்தான். ஆனால் கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதி என்பது புக்கிட் மெலாவத்தி, ஈஜோக், ஜெராம் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளே. கோல சிலாங்கூர் மாவட்டமோ தஞ்சோங் காராங்கையும் உள்ளடக்கியது. பெயர் ஒன்று, எல்லை இரண்டு. இதைக் கவனிக்காத மாணவர் இரு வேறு நிலப்பரப்புகளின் எண்களை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். எல்லை சரியாக இருந்தாலும் சராசரி மறைக்கும். புன்சாக் ஆலாமின் புதுக் குடியிருப்புகளும் செம்பனைக்கு நடுவே எஞ்சியிருக்கும் பழைய லயங்களும் ஒரே மாவட்ட வருமான எண்ணுக்குள் கரைந்துபோகின்றன. திரையில் தெரியும் எண்ணையே தன் ஊர் என்று பிள்ளை நம்பினால், படித்தது தவறான பாடம்.

சிறிய எண்ணிக்கை இன்னொரு கண்ணி. 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகளாக வகைப்படுத்துகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகையில் அடங்கும். எட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 12.5 விழுக்காடு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வருகை விகிதம் சரிந்துவிடும். அடுத்த நாள் பாய்ந்து ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை முன்னேற்றம், பின்னடைவு என்று படிப்பது பிள்ளைகள் மட்டும் செய்யும் பிழையல்ல.

இரண்டாவது குறை கருவியிலேயே இருக்கிறது. விரிதாளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரைபடம் வந்து நிற்கும். செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 3,900 ரிங்கிட்டிலிருந்து 4,100 ஆனதாகக் கொள்வோம். அச்சைக் கருவி 3,800இல் தொடங்கினால் விலை மலையேறியதுபோலத் தோன்றும். சுழியத்தில் தொடங்கினால் கோடு ஏறக்குறைய சமதளம். எங்கே தொடங்குவது என்று தீர்மானிப்பதில்தான் சிந்தனையே இருக்கிறது. அந்தத் தீர்மானத்தைக் கருவி எடுத்துக்கொண்டால், மாணவருக்கு மிஞ்சுவது நிறம் தேர்ந்தெடுக்கும் வேலை.

மூன்றாவது, வசதி. பள்ளிகளுக்கு இணையத்தோடு கற்றல் தளமும் தர 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019இல் முடிவுக்கு வந்தது. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்பதை 2013ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கையே சுட்டியிருந்தது. 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கல்வியமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை. தரவுத் தளங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், தமிழில் கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு படி கூடுகிறது. அந்தப் படியை ஏற்றிவிடும் பொறுப்பு ஆசிரியர் தலையில் விழுகிறது. தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் தரவைக் கையாளும் தலைப்பு இருக்கிறது. எண்வழிச் சிந்தனை எல்லாப் பாடத்துக்கும் பொது என்று சொல்லிவிட்டாலோ, கால அட்டவணையில் அது எவருடைய பொறுப்பும் ஆகாமல் நின்றுவிடுகிறது.

அப்படியானால் இந்த முறையைக் கைவிட வேண்டுமா? வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். பெரும்பாலும் இணையத் தரவில் தொடங்கி, நேரம் மிஞ்சினால் ஊருக்கு வருகிறோம். ஊரில் அளந்துவிட்டு இணையத்துக்குப் போக வேண்டும். நேரான பக்கமுள்ள ஒரு போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அளவுகோலை ஒட்டி, பள்ளித் திடலில் வைத்து மாணவர்கள் ஒரு மாதம் மழையை மில்லிமீட்டரில் குறிக்கட்டும். பிறகு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் அருகிலுள்ள நிலையத்தின் பதிவைப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாது. நிலையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது, அங்கே ஒரு நாள் எந்த மணிக்குத் தொடங்குகிறது, நம் போத்தல் மரத்தடியில் இருந்ததா என்று கேள்விகள் தாமாக எழும். காற்றுக் குறியீட்டிலும் இதே வேலை நடக்கும்: கண்ணெதிரே புகை சூழ்ந்திருக்க எண் ஏன் மிதம் என்கிறது? அது 24 மணி நேரச் சராசரி என்பதால். இதற்கு முப்பது கணினிகள் தேவையில்லை. ஆசிரியரின் ஒரு கைப்பேசியும் ஒரு கரும்பலகையும் போதும்.

ஒரு எல்லையும் வேண்டும். வறுமைக்கோட்டை விளக்கப் பொதுத் தரவைப் பயன்படுத்தலாம். உன் வீட்டு வருமானம் என்ன என்று வகுப்பில் எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது. தன் குடும்பம் கோட்டுக்குக் கீழே என்று பத்து வயதில் நண்பர்கள் முன் கண்டுபிடிப்பது கல்வியல்ல.

வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பதிலும் மாற்றம் தேவை. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் நீங்கியபின் வகுப்பறை மதிப்பீடு ஆசிரியர் கைக்கு வந்திருக்கிறது. எத்தனை வரைபடம் வரைந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு எண்ணைக் காட்டி இதை யார், எங்கே அளந்தார்கள், இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்கலாம். பதில் சொல்லும் மாணவருக்கு எந்தத் தளமும் பயன்படும். பதில் தெரியாதவருக்குப் புதிய தளங்களைக் காட்டிக்கொண்டே போனால் வளர்வது நம்பிக்கை. சிந்தனை இருந்த இடத்திலேயே இருக்கும்.