நீதானா?

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டி ஏறினால், பி. சுசீலாவைக் கேட்காமல் ஊர் போய்ச் சேருவது கஷ்டம். ‘சொன்னது நீதானா’ அப்படிக் கேட்டுக் கேட்டே மனப்பாடமான பாட்டு. படம் பார்க்காதவர்களுக்கும் தெரியும். அதைச் சுற்றி ஒரு பழைய சண்டையும் உண்டு: அந்தப் பொண்ணு மனசுல இருக்கறது புருஷனா, பழைய காதலனா?

1962இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. புற்றுநோய் கண்ட கணவனை (முத்துராமன்) ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறாள் சீதா (தேவிகா). வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டர் (கல்யாண்குமார்) அவளுடைய முன்னாள் காதலர். விஷயம் தெரிந்த கணவன், தான் செத்துப்போனால் அவரையே கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறான். அதற்கு அவள் பதில்தான் இந்தப் பாட்டு.

யாரைப் பார்த்துப் பாடுகிறாள் என்பதில் குழப்பமே வேண்டாம். மாலையும் குங்குமமும் தந்தவனைத்தான். பாட்டுக்குள்ளேயே அது இருக்கிறது. குழப்பம் வேறு இடத்தில். கொடியையும் பூவையும் காட்டி, ஒரு மனசில் உறவு என்பது ஒருமுறைதான் வளரும் என்று வாதாடுகிறாள். கேட்பதற்குப் பத்தினி வாக்குமாதிரி இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருமுறைதான் என்றால், சீதாவுக்கு அந்த ஒருமுறை எது? முதலில் வந்தவர் டாக்டர் அல்லவா? கணவனுக்காகச் சொன்ன நியாயம், அவளுடைய வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால், டாக்டர் பக்கம் போய்ச் சேர்கிறது.

இதைக் கவிஞரின் சறுக்கல் என்று தள்ளலாம். அல்லது, உள்ளே ஒளிந்திருந்த காதல் தன்னையறியாமல் வெளியே வந்துவிட்டது என்று ரசிக்கலாம். எனக்கு இரண்டும் போதவில்லை. அவளுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. யார் யாரிடம் சொன்னது என்பதை அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பு சொல்லும். சினிமாப் பாட்டுக்குக் காட்சிதான் அந்தக் குறிப்பு. பஸ்ஸில் கேட்கும்போது குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. நாமே ஒரு துறையைத் தேடி ஒட்டவைக்கிறோம். முக்கோணம் மரபில் இல்லாமலில்லை. மருதத்தில் தலைவன், தலைவி, பரத்தை. ஆனால் நடுவில் நிற்பது ஆண். பெண்ணை இன்னொருவன் கேட்டு வருவது நொதுமலர் வரைவு. அங்கே அந்த அயலானுக்கு முகம்கூடக் கிடையாது. ஒருவனை மனசார விரும்பியிருந்து, பின்பு இன்னொருவனோடு மனசார வாழ்கிறவளுக்கு ஒரு துறையும் இல்லை. அதனால்தான் சீதா கையில் கிடைத்த கற்பு மொழியை எடுத்துக்கொள்கிறாள். அது அவளுக்குப் பொருந்தவில்லை. பாட்டின் வலி அந்தப் பொருத்தமின்மையில் இருக்கிறது.

அவளுடைய சொந்தக் குரல் கேட்பது முதல் இரண்டு சொல்லில். நீ சொன்னாயா என்று கேட்டிருந்தால் அது வெறும் விசாரணை. ‘சொன்னது’ என்று ஆரம்பித்துவிட்டதால், சொன்னதில் சந்தேகம் இல்லை. சொன்ன ஆள் யார் என்பதில்தான் சந்தேகம். நம்மூர் வீடுகளில் புருஷனை ‘ஏனுங்க’ என்று கூப்பிடுகிற பெண், பாட்டில் மட்டும் ‘நீ’ என்கிறாள். பாட்டு மரபு அது என்றாலும், ‘நீங்கதானுங்களா’ என்று மாற்றிப் பாடிப் பாருங்கள். மரியாதை வந்துவிடும், அதட்டல் போய்விடும். சுசீலாவின் குரல் அழுகிறது, வாக்கியம் அதட்டுகிறது. என்னைக் கைமாற்றிக் கொடுக்க நீ யார் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு முன்னால் ‘புருஷனா, காதலனா’ என்ற நம் சண்டை சின்னதாகிப் போகிறது. அதுவும் கணவன் செய்ததையேதான் செய்கிறது: அவள் யாருக்குச் சேர வேண்டும் என்று அவளைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுகிறது. படமும் கடைசியில் அதையே செய்தது. ஆபரேஷன் வெற்றி, கணவன் பிழைக்கிறான், டாக்டர் இறந்துபோகிறார். அவள் முடிவெடுக்க வேண்டிய அவசியமே வராதபடி கதை ஒரு முனையை வெட்டிவிட்டது. பாட்டு அப்படித் தப்பித்துக்கொள்ளவில்லை. கேள்வியில் ஆரம்பித்தது, இன்னும் கேள்வியாகவே இருக்கிறது.