மணியாச்சிக் கடிதம்

ஓட்டப்பிடாரம் என்றதும் உள்ளத்திலே எழும் உருவம் ஒன்றுண்டு. 1872-ல் அவ்வூரிலே பிறந்து, கடலிலே கப்பல் விட்டு, சிறையிலே செக்கிழுத்த சிதம்பரனார்! அந்த வட்டத்திலேயே உள்ளது மணியாச்சி. 1911 ஜூன் 17-ம் நாள், அங்கே இரயில் பெட்டியிலே மனைவியுடன் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன், தன்னையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். அவரது சட்டைப் பையிலே ஒரு கடிதம்.

வீரத்தைப் பாடினோர் பலர். கடிதத்தைப் படித்தோர் சிலர். நாம் படிப்போம்.

நாட்டைப் பறித்தனர் ஆங்கிலேயர் என்கிறது கடிதம். உண்மை, மறுப்பார் யார்? சுதந்திரம் வேண்டும் என்கிறது. நியாயம்! ஆனால் அச்சொல்லோடு கைகோத்து வருகிறது மற்றொன்று: அழியாத சனாதன தர்மம் மிதிபடுகிறதாம், அதை நிலைநாட்ட வேண்டுமாம். இராமனும் கிருஷ்ணனும் அர்ச்சுனனும், சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாடாம் இது. புராணமும் வரலாறும் ஒரே வரிசையில்! கேள்வி கேட்க முடியாத பொற்காலம் ஒன்றைப் படைத்துக்கொள்வது அடிப்படைவாதத்தின் முதல் அடையாளம்.

இரண்டாவது, பகைவனை அவன் செயலால் அளக்காமல் பிறப்பாலும் உணவாலும் அளப்பது. ஜார்ஜ் மன்னன் முடிசூடக் கூடாது, ஏன்? வரி விதித்தான் என்பதற்காகவா? தொழிலை நசுக்கினான் என்பதற்காகவா? இல்லை. அவன் மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சனாம்! 'பஞ்சமன்' என்றும் எழுதியுள்ளார். அச்சொல்லுக்கு ஐந்தாமவன் என்ற பொருளும் உண்டு. ஆகவே அதைக் குற்றப்பட்டியலிலே சேர்க்க வேண்டாம். உணவைப் பற்றிய சொல் ஒன்றே போதும். தட்டிலே இருப்பதுதான் தகுதியின் அளவுகோல் என்றால், சேரியிலே வாழும் உழைப்பாளிக்கு அந்தச் சுயராச்சியத்திலே இடமெது? முத்துக் குளித்த கரையின் கிறித்தவப் பரதவருக்கும், காயல்பட்டினத்து இசுலாமியருக்கும் அந்தத் தர்மத்திலே பங்கெது?

மூன்றாவது, சிலர் தம்மையே எல்லோருமாக எண்ணிக்கொள்வது. மன்னனைக் கொல்ல 3000 பேர் உறுதி பூண்டுள்ளனர் என்கிறது கடிதம். பின்னர் வழக்கிலே நிறுத்தப்பட்டோர் 14 பேர். மன்னன் வந்தான், அவ்வாண்டு டிசம்பரில் டில்லியிலே தர்பார் நடத்தினான், போனான். நான்காவது, இதுவே ஒவ்வொருவன் கடமையும் என்று முடித்துவிடுவது. விவாதத்திற்கு அங்கே வாசலே இல்லை.

இதே கரையிலே 1906-ல் சிதம்பரனார் வேறு வகையிலே அந்நியரை எதிர்த்தார். சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம்; பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவராய் அமர்ந்தார். ஹாஜி முகமது சேட் பெருந்தொகை தந்தார். கப்பலுக்குக் கப்பல்தான் விடை! 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலிக்காகப் போராடியபோதும் அவர்களோடு நின்றார். அங்கே எதிர்க்கப்பட்டது செயல்; யாருடைய சாப்பாடும் அல்ல.

இந்நோய் ஒரு மதத்தின் தனிச்சொத்து என்று எவரும் மகிழ வேண்டாம். மணியாச்சியிலே குண்டு வெடித்த அந்தக் காலத்திலேதான், 1910 முதல் 1915 வரை, அமெரிக்கக் கிறித்தவர் சிலர் 'அடிப்படைகள்' என்ற பெயரிலே 12 தொகுதிகளை வெளியிட்டனர். வேதத்திலே பிழையே இல்லை என்றனர். 'அடிப்படைவாதி' என்ற சொல் 1920-ல் அங்கேதான் பிறந்தது.

வாஞ்சியின் துணிவை மறுக்கவில்லை. உயிரையே ஈந்தவரின் துணிவை மறுப்பது சிறுமை. ஆனால் துணிவு ஒருபோதும் கருத்துக்குச் சான்றாகாது. உயிரைக் கொடுத்தார் என்பதாலேயே எழுதியதெல்லாம் உண்மையாகிவிடுமா?

எந்தக் கொடியின் கீழிருந்து வரும் கடிதமானாலும், நம் கொடியின் கீழிருந்தே வந்தாலும், இந்த நான்கு கேள்விகளோடு படிப்போம். இன்று அந்த இரயில் நிலையத்திற்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். பெயரைப் படிக்கும் பயணிகள், கடிதத்தையும் ஒருமுறை படிக்கட்டும்!