இழையில் படியும் நிலவுகள்

வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் தொலைநோக்கியில் ஏறத்தாழ ஒரே கோட்டில் ஒளிப்புள்ளிகளாக நிற்பதைக் கண்டு மகிழ்வோர் பலராயினும், அவற்றின் இடத்தை அளந்தறியும் கைத்திறனின் நயம் அதிகம் பேசப்படுவதில்லை. இழை நுண்ணளவி என்னும் கருவியில், பார்வைப்புலத்தின் குறுக்கே மெல்லிய இழைகள், பழைய கருவிகளில் சிலந்தி நூலே, இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றை நுண்ணிய திருகு நகர்த்தும். நிலையான இழையைக் கோளின் விளிம்பில் நிறுத்தி, மற்றது நிலவின் நடுவே படியும்வரை திருகை விரல்நுனியால் மெல்லத் திருப்பி, அதன் உருளையிலுள்ள கோடுகளைப் படிக்க வேண்டும்; கோளின் நடுப்புள்ளி கண்ணுக்குப் புலப்படாததால், இரு விளிம்புகளிலிருந்தும் அளந்து சராசரி காண்பர். திருகின் தளர்ச்சி அளவைக் கெடுக்காதிருக்க, இழையை எப்போதும் ஒரே திசையிலிருந்து கொண்டுவருவது தேர்ந்த கையின் பழக்கம்.

காற்றின் அலைவால் நிலவு நீரடியில் கிடக்கும் நாணயம்போல் நடுங்குகையில், தொலைநோக்கியை வானுடன் திருப்பும் பொறியின் சீரான முனகலைக் கேட்டபடி, தோற்றம் தெளியும் ஓரிரு நொடிகளுக்காகப் பொறுத்திருப்பதே இப்பணியின் சுவை. பல இரவுகளின் அளவுகளை வரைதாளில் குறித்தால், 1.77 நாளில் சுற்றும் அயோவுக்கு நெருக்கமான அலையும், 16.69 நாள் எடுக்கும் காலிஸ்டோவுக்கு அகன்ற அலையும் உருவாகின்றன. ஒவ்வோர் அலையின் உயரமும் அந்நிலவு கோளிலிருந்து விலகும் எல்லையைக் காட்டுகிறது.