இருமொழித் தொடக்கக் கல்வியில் கலப்புமுறைக் கற்றல்: ஆசிரியர் கருத்தொன்றன் திறனாய்வு

ஆசிரியர் நேர்நின்று கற்பிப்பதும், கணினி, காணொலி முதலிய கருவிகளின் வாயிலாகக் கற்பிப்பதும் இயைந்த முறையைக் கலப்புமுறைக் கற்றல் என்று இக்காலக் கல்வி நூலார் வழங்குவர். 2006 ஆம் ஆண்டில் சார்லசு கிரகாம் என்னும் அறிஞர் அதற்கு வகுத்த இலக்கணமும் ஏறத்தாழ இவ்வளவே. அவ்விலக்கணம் இரண்டு கலந்தன என்பதோடு அமையும். எவ்வாறு கலந்தன என வினவுதல் தமிழ் பயின்றார்க்கு இயல்பு. பல அணிகள் ஓரிடத்து அமைவதை அணிநூலார் இருவகையாகப் பிரித்தனர். எள்ளும் அரிசியும் கலந்தாற்போல வேறு வேறாக அறியக் கிடப்பது சேர்வை. பாலும் நீரும் கலந்தாற்போலப் பிரிக்கவொண்ணாது கிடப்பது கலவை. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கு கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் உள்ளத்தில் உள்ள கலப்பு இவ்விரண்டனுள் எது, எதுவாதல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் அண்மை வரலாறு சிறிது வேண்டப்படும். 2012-13 ஆம் கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2018-இல் வெளிவந்த முதல் வகுப்புப் புதிய பாடநூல் விரைவுத் துலங்கல் குறியீடுகளைத் தாங்கி வந்தது. 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புக்கள் தொடங்கப்பெற்றன. அவ்வாண்டு ஆகசுட்டில் கல்வித் தொலைக்காட்சி தோன்றியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சுத் திங்களில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. அவ்விழப்பை ஈடுசெய்யும் நோக்குடன் 2022 சூன் திங்களில் முதல் மூன்று வகுப்புக்களுக்கு வகுக்கப்பெற்றது எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம். அது மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துத் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றையும் கற்பிப்பது. பூவின் பருவம் ஒவ்வொன்றற்கும் பெயர் வைத்த மொழியில் இப்பெயரீடு எவர்க்குத் தோன்றிற்றோ, அவர் பாராட்டிற்குரியர். கருவிகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. எனினும் வகுப்பறையுள் எதனை எப்பொழுது இயக்குவது, எப்பொழுது நிறுத்துவது என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையிலேயே உள்ளது. ஆதலின் அவர் கருத்து அறியப்படல் வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலை அடுத்த ஊர் ஒன்றில் முதல் மூன்று வகுப்பினரையும் ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், எம்மோடு உரையாடுங்கால் தம் கருத்தை ஒரு தொடரில் அடக்கினார்: "இங்கிலீஷைத் திரை பார்த்துக்கொள்ளும், ஐயா, தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன்." தம் ஆங்கில ஒலிப்பில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றும், ஒரு பிரிவினர் திரையை நோக்கியிருக்கும் பொழுதே மற்றொரு பிரிவினர்க்கு எழுத்துக் காட்டித் தர இயல்கின்றது என்றும், குப்பத்துப் பெற்றோர் தம் மக்கள் செவியில் ஆங்கிலம் விழவேண்டும் என விழைகின்றனர் என்றும் அவர் காரணங் கூறினார். இது எள்ளும் அரிசியும் போன்ற கலப்பு. மொழி இரண்டு, வாயில் இரண்டு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வாயில்.

ஆசிரியர் நம்பிக்கைகளை ஆராயும் துறையில் 1992-இல் பிராங்கு பசாரசு எழுதிய கட்டுரை பெரிதும் எடுத்தாளப்படுவது. நம்பிக்கை எது, அறிவு எது என வரையறுத்தல் எளிதன்று என்பதை அவர் நன்கு காட்டினார். அவர்க்குப் பின் வந்தோருள் பலர் அவ்வெச்சரிக்கையைக் கைவிட்டனர். நம்பிக்கையைக் காரணமாகவும் கற்பிக்கும் முறையைக் காரியமாகவும் கொண்டு, நம்பிக்கையைப் பயிற்சியால் திருத்தினால் முறை தானே திருந்தும் என எழுதினர். மேற்கூறிய ஆசிரியையின் கருத்து அவ்வாறு முளைத்ததன்று. ஓர் அறை, மூன்று வகுப்பு, ஒரு திரை என்னும் நிலையினின்று அவர் கண்டுகொண்ட வழி அது. அதனை வெறும் நம்பிக்கை என்று பெயரிட்டுத் திருத்தப் புகுவது, காலில் முள் தைத்தவனுக்கு நடை கற்பிப்பது போலும்.

எனினும் காரணம் உடைய கருத்தெல்லாம் பயனால் நிறைந்தது ஆகாது. அதனை அளக்க நம் மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கல்வியைக் கூறு செய்து காட்டுவர். ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் ஒரு காற்பங்கு. எஞ்சிய அரை, தான் கற்றதைப் பிறர்க்கு உரைப்பதால் வருவது. ஒருமுறை கேட்டதனை இருமுறை கேட்பின் பிழை நீங்கும், மும்முறை கேட்பின் முறை விளங்கும் என்பதும் ஆண்டே கூறப்படும். இவற்றைத் திரையொடு பொருத்திப் பார்ப்போம். இருமுறையும் மும்முறையும் சலியாது உரைப்பதில் காணொலியை வெல்லும் ஆசிரியர் இலர். இப்பகுதியில் கருவியின் உதவியை இகழ்வார் தாம் வகுப்பறை காணாதவர். ஆயின் அது செய்வதெல்லாம் அந்த முதற் காற்கூற்றினுள்ளேயே முடியும். மாணாக்கன் உரைப்பதைக் கேட்பதற்கு அத்திரைக்குச் செவி இல்லை.

தமிழ் கற்கும் சிறுவனுக்கு மற்றை முக்காற்கூறும் வகுப்பிலும் தெருவிலும் கடற்கரையிலும் கிடைக்கும். ஆங்கிலத்தில் உடன் பழகுவாரும், உரைத்தால் கேட்பாரும் அவன் ஊரில் அரியர். ஆகவே ஆங்கிலத்தை முழுவதும் திரைக்கு ஒப்படைத்தால், எம்மொழிக்கு முக்காற்கூறு வெளியே கிடைப்பது அரிதோ அம்மொழிக்கே வகுப்பிலும் அது மறுக்கப்படுகின்றது. மறுமொழி கேளாத ஒன்றன் மொழி ஆங்கிலம் என்னும் எண்ணம் ஆறு வயதில் ஊன்றிவிடின், பின்னர் அதனைப் பெயர்த்தல் எளிதன்று.

இனி அக்கருத்தின் மறுபாதி. 'தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்புழித் தமிழ் என்றது எத்தமிழை? ஒரு மொழியின் உயர்வழக்கும் பேச்சுவழக்கும் தம்முள் பெரிதும் வேறுபட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் வழங்கும் நிலையைப் பெர்குசன் 1959-இல் அரபு, கிரேக்கம் முதலியவற்றைக் கொண்டு விளக்கினார். தமிழும் அத்தகையதே. குப்பத்துச் சிறுவன் தந்தையிடம் கேட்கும் தமிழில் தெண்டி, வன்னி என நீரோட்டங்களுக்குப் பெயருண்டு. வாடையும் கொண்டலும் அவனுக்குப் பாட்டில் வரும் சொற்கள் அல்ல, வலை எடுப்பதா வேண்டாவா என முடிவு செய்பவை. அவன் பள்ளியில் பெறும் எழுத்துத் தமிழே அவனுக்கு ஒருவகையில் இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவதாகும். முதன்மொழியில் வேரூன்றிய அறிவே இரண்டாம் மொழிக்குத் துணையாவது என்று 1979-இல் கம்மின்சு நிறுவ முயன்ற கருத்து, வீட்டுமொழியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தும் இடத்தில் பொருந்தாது போகும்.

சிறுவரே சிறுவர்க்கு உரைத்தல் இந்நிலத்திற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்தது அதுவே. 1789 முதல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்டுரு பெல், இந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு மேற்கொண்டு, சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பித்து, அம்முறையை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரால் அது மேனாடுகளில் பரவியது. செலவு குறையும் என்பதற்காகவே பலர் அதனை விரும்பினர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

யாம் கண்ட வகுப்பில் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். அது ஆசிரியையின் சொல்லுக்கு மாறானது. அவர் அதனை உணர்ந்ததாகவும் தோன்றவில்லை. விலங்குகளின் ஆங்கிலப் பெயர் கூறும் காணொலியில் நண்டு வந்தது. திரை 'கிராப்' என்று மும்முறை ஒலித்தது. முன்வரிசையில் இருந்த சிறுமி, "டீச்சர், அது எந்த நண்டு?" என்றாள். முக்கண் நண்டு என்றான் ஒருவன். இல்லை, சிலுவை நண்டு என்றான் மற்றொருவன். இரண்டுமில்லை, பொய் நண்டு என்றான் மூன்றாமவன். மற்றைப் பிரிவினர்க்கு எழுத்துக் காட்டிக்கொண்டிருந்த ஆசிரியை திரையை நிறுத்திவிட்டு வந்து, முக்கண் நண்டின் புள்ளிகள் எங்கே இருக்கும் எனக் கரும்பலகையில் வரையச் செய்தார். பின்னர் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எழுப்பி, இந்நண்டுக்கு எத்தனை புள்ளி என்பதை முதல் வகுப்பினர்க்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். அவள் 'கிராப்' என்றாள், சிறிது நின்றாள், 'திரீ' என்றாள், புள்ளி என்பதற்குச் சொல் அறியாது அதனைத் தமிழிலேயே சேர்த்துச் சொல்லி முடித்தாள். முதல் வகுப்பினர் அவ்வாறே திரும்பச் சொன்னார்கள். ஆசிரியை அதனைத் திருத்தவில்லை. திரை அப்பாடவேளை முடியும்வரை மீண்டும் இயக்கப்படவில்லை.