ஒற்றனும் ஒரு வாசகன்

மதத்தின் பெயரால் வன்முறை பேசுகிற கூட்டங்களைச் சர்க்கார் கண்காணிக்கலாமா என்று கேட்டால், கண்காணிக்கத்தான் வேண்டும் என்று நானும் சொல்வேன். கோயம்புத்தூரில் 1998 பிப்ரவரி 14-ந் தேதி வெடித்த குண்டுகளில் 58 பேர் செத்தார்கள். அதற்கு முந்திய நவம்பர் கடைசியில் நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். இந்த இரண்டையும் அறிந்தவன் யாரும் சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று சொல்ல மாட்டான். ஆனால் கண்காணிப்பது என்றால் என்ன? பேச்சைக் கேட்பது, கடிதத்தைப் பிரிப்பது, புஸ்தகத்தைப் புரட்டுவது, அதிலிருந்து இந்த மனுஷன் நாளைக்கு என்ன செய்வான் என்று ஊகிப்பது. அதாவது, வாசிப்பது. வாசிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கதை எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு அல்லவா? ஒற்றனை ஒரு வாசகனாக வைத்துக்கொண்டு, அவன் வாசிப்பு எப்படி என்று பார்க்கலாம்.

இலங்கையில் மன்னார்ப் பக்கத்தைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளைஞர் 2017-ல் ஒரு கவிதைப் புஸ்தகம் வெளியிட்டார். பெயர் ‘நவரசம்’. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் புஸ்தகம் தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். தமிழ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து, இது தீவிரவாதத்துக்கும் போருக்கும் எதிரான கவிதையல்லவா என்றார்கள். ஜாமீன் கிடைக்கப் பத்தொன்பது மாதம் ஆயிற்று. குற்றமற்றவர் என்று புத்தளம் ஹைகோர்ட் விடுவித்தது 2023 டிசம்பரில். புஸ்தகத்தின் பெயரைக் கவனியுங்கள். சிருங்காரம், கருணை, ஹாஸ்யம் என்று ஒன்பது ரசம். ஒற்றனுக்குத் தெரிந்ததோ ரௌத்திரம் ஒன்றுதான். கவிஞன் யுத்தத்தை வர்ணித்தால், யுத்தத்துக்கு ஆள் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொள்கிறான். ஒரு கதாபாத்திரம் பேசுகிற பேச்சை எழுதியவனுடைய வாக்குமூலமாகப் பதிவு செய்கிறான். நம் பத்திரிகை வாசகர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. கதையில் ஒருவன் குடித்தால் ஆசிரியருக்குப் புத்திமதி எழுதுவார்கள். அவர்களிடம் விலங்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதே ஒற்றன் சஹ்ரான் ஹாஷிமை எப்படி வாசித்தான்? காத்தான்குடிக்காரரான சஹ்ரானிடம் ரசம், தொனி என்று தேட வேண்டிய சிரமமே இல்லை. தமிழில், பகிரங்கமாக, இன்டர்நெட்டில் வெறுப்பைப் பிரசங்கம் செய்தவர் அவர். 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் சூஃபி வழியினரோடு மோதினார்கள். போலீஸ் தேடியது, ஆள் தலைமறைவானார். அவரைப் பற்றி எச்சரித்தவர்கள் வேறு மதத்தார் அல்ல; அந்த ஊர் முஸ்லிம்களே புகார் கொடுத்தார்கள். 2019 ஏப்ரல் 4-ந் தேதி இந்தியாவிலிருந்தும் தகவல் போயிற்று. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மாதா கோயில்களிலும் ஓட்டல்களிலும் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். அறிந்தும் தடுக்கவில்லை என்று 2023 ஜனவரியில் இலங்கை சுப்ரீம் கோர்ட், முன்னாள் ஜனாதிபதி சிறிசேனா தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்புச் சொன்னது.

நம் நாட்டில் மட்டும் என்ன? 1948 ஜனவரி 20-ந் தேதி டில்லியில் காந்திஜியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வெடித்தவன் அங்கேயே பிடிபட்டான். சதியைப் பற்றித் தாம் அறிந்ததைப் பம்பாய்ப் பேராசிரியர் ஒருவர் மந்திரிகளிடமே போய்ச் சொன்னார். பத்து நாள் கழித்துக் காந்திஜி இல்லை. அந்தப் பத்து நாளைப் பற்றிக் கபூர் கமிஷன் பிற்பாடு எழுதிய அறிக்கையைப் படிக்கிறவனுக்கு ஆத்திரம் வராமல் போகாது.

பாளையம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்து விஷயத்தை அளக்கிறானே என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து தெற்கே கரிசல் காட்டைத் தாண்டினால் எட்டயபுரம். அந்த ஊரில் பிறந்த பாரதியைப் புதுச்சேரியில் பத்து வருஷம் ஒற்றர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்கள் கண் அந்தப் பக்கம் இருந்தபோதுதான், 1911 ஜூன் 17-ந் தேதி, மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் புனலூரில் காட்டிலாகா உத்தியோகஸ்தர். அவர் சட்டைப் பையிலிருந்த கடிதம் சனாதன தர்மத்தைக் காப்பதைப் பற்றிப் பேசியது. பெயரை மறைத்து அந்தக் கடிதத்தை இன்றைக்கு ஒரு ஸ்டேஷனில் கொடுத்தால் என்ன தலைப்பில் பைல் திறப்பார்கள் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. மணியாச்சி ஸ்டேஷனுக்கு நாம் அவர் பெயரை வைத்திருக்கிறோம். சர்க்காரோ பாடலை விடவில்லை. பாரதி கண் மூடி ஏழு வருஷம் ஆன பிறகு, 1928-ல், அவருடைய பாட்டுப் புஸ்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து சண்டை போட வேண்டியதாயிற்று.

தென்கிழக்கே திருச்சுழியைத் தாண்டிப் போனால் கமுதி, முதுகுளத்தூர். இங்கே கண்காணிப்பு வேறு மாதிரி வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது காகிதத்துப் பெயர். ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். பிறந்த ஜாதியை வைத்து ஆளைப் பதிவு செய்து, கை ரேகை வாங்கி, ராத்திரியில் போலீஸ் கண் முன்னால் வந்து படுக்கச் சொன்ன சட்டம். 1934-ல் அபிராமத்தில் மாநாடு கூட்டி எதிர்த்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. திருடாதவனையும் திருடனையும் ஒரே பட்டியலில் எழுதிய பிற்பாடு, திருடனைத் தேட அந்தப் பட்டியலால் என்ன உபயோகம்? அத்தனை பேருக்கும் பகையாளியான போலீஸிடம் ஊரில் யார் வந்து துப்புச் சொல்வான்? காத்தான்குடிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அப்படி வருகிறவர்களையும் சேர்த்துச் சந்தேகப் பட்டியலில் எழுதினால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் ஒற்றனை அவர் லேசில் நம்புவதில்லை. ஒருவன் கொண்டுவந்த சேதியை இன்னொருவனை வைத்துப் பார் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப் போனால்தான் ஏற்கச் சொல்கிறார். நம் ஏற்பாடு அப்படியா இருக்கிறது? 1967-ம் வருஷச் சட்டப்படி ஒரு சங்கத்தைத் தடை செய்தால் ஹைகோர்ட் நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை உண்டு. ஒரு தனி மனுஷனின் டெலிபோனை ஒட்டுக்கேட்கவோ உள்துறைச் செயலாளரின் உத்தரவு போதும். அது சரிதானா என்று பார்க்கிற கமிட்டியிலும் செயலாளர்களே உட்காருகிறார்கள். ஒரே ஆபீஸில் காப்பி குடிக்கிறவர்கள் எப்படி ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஆவார்கள்? அங்கே ஒரு நீதிபதி வேண்டும். இன்ன ஆள், இன்ன ஆயுதம் அல்லது பணம் அல்லது கொலைக்கு அழைப்பு என்று எழுதிக் காட்டி, இத்தனை நாளைக்கு என்று கெடு வைத்து, அவரிடம் உத்தரவு வாங்கட்டும். கவிதையாக இருந்தால் அந்தப் பாஷை தெரிந்த, கவிதை படித்துப் பழகிய ஒருவரிடம் முதலில் காட்டட்டும்.

அதற்கெல்லாம் அவகாசம் ஏது, அதற்குள் குண்டு வெடித்துவிடுமே என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வார்கள். இலங்கைக்குத் தகவல் போனது ஏப்ரல் 4-ந் தேதி. குண்டு வெடித்தது 21-ந் தேதி. இடையிலிருந்த பதினேழு நாளில் எந்தக் கோர்ட்டும் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.