நானோமீட்டரை எவ்வளவு நம்புவது?

இயற்பியல் பாடநூல்களில் ழான் பெர்ரன் வரைந்த ஒரு படம் உண்டு. கட்டம் போட்ட தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். 0.53 மைக்ரான் ஆரமுள்ள ஒரு துகள் எங்கே இருக்கிறது என்று 30 விநாடிக்கு ஒருமுறை குறித்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்திருக்கிறார். நீரின் மூலக்கூறுகள் மோதுவதால் துகள் எப்படி அலையும் என்று ஐன்ஸ்டைன் 1905-ல் போட்ட கணக்கு சரிதான், அணு கற்பனையல்ல என்று நிறுவ அவ்வளவே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஆழம் இல்லை. துகள் மேலும் கீழும் போனது அதில் பதிவாகவில்லை. துகளின் பருமனையும் அவர் வேறு வழியில் தனியே அளக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு குறைகளையும் ஒரே படத்தில் தீர்த்துவிட்டதாகச் சொல்வது ஹாலோகிராஃபிக் நுண்ணோக்கி. அதன் உரிமைகோரல் பெரிது: பக்கவாட்டில் சில நானோமீட்டர், ஆழத்தில் பத்து நானோமீட்டர் அளவுக்குத் துல்லியம். இதை அப்படியே ஏற்கலாமா?

கருவி எளிமையானது. சாதாரண நுண்ணோக்கியின் விளக்கை எடுத்துவிட்டு லேசரை வைக்கிறார்கள். துகளில் பட்டுச் சிதறிய அலையும், எதிலும் படாமல் நேரே வந்த அலையும் கேமராவில் சந்தித்து, ஒளியும் இருளுமாக வளையங்களை உண்டாக்குகின்றன. 1948-ல் டென்னிஸ் காபர் சொன்ன கருத்துதான் இது. குவியத்திலிருந்து துகள் விலக விலக வளையங்கள் அகலும். ஆழம் அந்த அகலத்தில் ஒளிந்திருக்கிறது. 2007-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிரையரின் குழு இதில் ஒரு படி மேலே போனது. ஒளிச்சிதறல் பற்றி குஸ்டாவ் மீ 1908-ல் எழுதிய கோட்பாட்டை (பெர்ரன் தன் துகள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டு) வளையங்களின் மேல் பொருத்தி, மூன்று திசை இருப்பிடம், ஆரம், ஒளிவிலகல் எண் என ஐந்து எண்களை ஒரே படத்திலிருந்து எடுத்தார்கள்.

ஆழம் தெரிவதன் பயன் சிறியதல்ல. அறை வெப்பநிலை நீரில் 1 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை, ஒரு விநாடியில் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 1 மைக்ரான் அலைகிறது. உயர் உருப்பெருக்க வில்லையின் குவிய ஆழம் அதைவிடக் குறைவு. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துகள் மங்கிப்போகும். ஹாலோகிராம் எனப்படும் இந்த வளையப் படத்தில் அதே துகளை நிமிடக்கணக்கில் விடாமல் பின்தொடரலாம்.

அப்படிப் பின்தொடர்ந்து, ஒற்றைத் துகளின் அலைச்சலிலிருந்தே, வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மேன் மாறிலியை 2 விழுக்காட்டுக்குள் கணக்கிட்டுக் காட்டியது கிரையர் குழு. கட்டுரை 2014-ல் வந்தது. அழகான சோதனை. ஆனால் இருப்பிடம் நானோமீட்டர் துல்லியமாகத் தெரியும்போது விடை ஏன் 2 விழுக்காட்டில் நிற்கிறது? பொதுவான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அலைச்சல் தற்செயலானது. சராசரியில் 2 விழுக்காடு உறுதி வேண்டுமானாலே, ஒன்றையொன்று சாராத ஏறக்குறைய 5,000 நகர்வுகள் வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி பிசகினால் நீரின் பாகுநிலை 2 விழுக்காட்டுக்கு மேல் மாறிவிடும். துகள் மிதக்கும் கலத்தின் கண்ணாடிச் சுவர் வேறு இருக்கிறது: அரை மைக்ரான் ஆரமுள்ள உருண்டை சுவரிலிருந்து 10 மைக்ரான் தள்ளி இருந்தாலும் அதன் பக்கவாட்டு அலைச்சல் 3 விழுக்காடு அளவுக்கு மந்தமாகும். எந்த ஓட்டை வழியாகப் பிழை நுழைந்தாலும் நானோமீட்டர் துல்லியத்தால் அதை அடைக்க முடியாது. 2019-ல் அந்த மாறிலிக்கு நிலையான மதிப்பை விதித்துவிட்டார்கள். இனி இந்தச் சோதனை அளப்பது மாறிலியை அல்ல, தன்னைத்தானே.

சுவரின் கதை இன்னொரு பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கிறது. வளையங்கள் தரும் ஆழம் குவியத் தளத்திலிருந்து அளந்த தூரம், சுவரிலிருந்து அல்ல. சுவர் எங்கே என்று தனியே கண்டுபிடித்தாக வேண்டும். அதோடு, வளையங்களின் மேல் பொருத்திய தொடக்ககாலக் கணித மாதிரி, வில்லையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. துகள் குவியத்துக்கு மிக அருகே வந்தால் பொருத்தம் தடுமாறியது. ஹார்வர்டில் வினோதன் மனோகரனின் குழு 2020-ல்தான் வில்லையையும் மாதிரிக்குள் கொண்டுவந்தது. ஆக, சொல்லப்படும் அந்த நானோமீட்டர், மாதிரி சரியாக இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும். பத்து நானோமீட்டர் என்பது அடுத்தடுத்த படங்களுக்கு இடையே எண் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான்; எல்லாப் படங்களும் சேர்ந்து ஒரே பக்கமாக நூறு நானோமீட்டர் தள்ளியிருந்தால் அது தெரியவே தெரியாது.

அப்படியானால் கருவியே வீணா? இல்லை. அதன் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அதே மனோகரனின் குழு 2012-ல் பாலிஸ்டைரீன் உருண்டைகளை எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பை நோக்கி மெல்லத் தள்ளிப் பார்த்தது. பரப்பை உடைத்ததும் துகள் நொடிப்பொழுதில் தன் சமநிலைக்கு வந்துவிடும் என்பதே பொது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. துகள் ஊர்ந்தது, நேரத்தின் மடக்கைக்கு ஏற்ப மேலும் மேலும் மெதுவாக. அந்தப் போக்கில் போனால் சமநிலையை எட்ட மாதக்கணக்கில் ஆகலாம். ஆழத் திசையில் இவ்வளவு சிறிய நகர்வை இத்தனை வேகமாகச் சாதாரண நுண்ணோக்கியில் பிடித்திருக்க முடியாது. இங்கே முழு அளவீடும் ஒரு பக்கம் தள்ளியிருந்தாலும் பெரிய பாதகமில்லை, ஏனென்றால் கேள்வி துகள் எங்கே இருக்கிறது என்பதல்ல, எப்படி நகர்கிறது என்பது.

என் தீர்ப்பு இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. நீர்த்த கரைசல், வழவழப்பான உருண்டை, கேள்வி நகர்வைப் பற்றியது என்றால் இந்தக் கருவிக்கு ஈடில்லை. இருப்பிடமே கேள்வி என்றால், தனிச் சான்று இல்லாமல் அதன் எண்ணை ஏற்கக்கூடாது. துகள்கள் நெருங்கி, வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒளி பலமுறை சிதறும் அடர்ந்த கூழ்மத்தில், மெதுவானதானாலும், அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியே மேல். களிமண் செதில் போன்ற கோணல் துகள்களுக்கும் கணக்குமுறைகள் வந்திருக்கின்றன. ஆனால் வடிவத்தை முன்கூட்டியே ஊகித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், அங்கே கருவி திருப்பித் தருவதில் நாம் போட்டதும் ஒரு பங்கு. நானோமீட்டர் எண்ணை அச்சிடும் கட்டுரைகள், பக்கத்திலேயே வெப்பநிலையையும் சுவரின் தூரத்தையும், அவை எப்படி அளக்கப்பட்டன என்பதையும் அச்சிட வேண்டும்.